பீச்சாங்கண்

உட்காருங்கள். இந்தப் பெஞ்சில் இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். துப்பாக்கியைச் சுவரில் சாய்த்து வையுங்கள், போலீஸ் ஸ்டேஷனுக்குள் யார் எடுத்துக்கொண்டு ஓடப் போகிறார்கள்? உங்களுக்கு என்ன நம்பர்? பதினாறா? எனக்குப் பதினொன்று. ரைட்டர் இப்போதுதான் நாலைக் கூப்பிட்டிருக்கிறார். துப்பாக்கி நம்பர், உரிமம், விலாசம் எல்லாம் பார்த்து எழுதி முடிக்க ஒரு ஆளுக்குக் கால் மணி நேரம் ஆகிறது. தேர்தல் வந்தால் நமக்கு இது ஒரு வேலை, முடிகிறவரை துப்பாக்கியை இங்கே ஒப்படைத்துவிட வேண்டும். உங்களுடையது காட்டுப்பன்றி விரட்டவா? நினைத்தேன். கட்டையில் மண் ஒட்டியிருக்கிறது.

என்னுடையது பன்றிக்கு இல்லை. விளையாட்டுத் துப்பாக்கி. பெட்டியைத் திறக்கிறேன், பாருங்கள். தொட்டும் பார்க்கலாம். இரண்டு குழாயும் பக்கத்தில் பக்கத்தில் இல்லை, மேலும் கீழுமாக இருக்கிறது. தோளில் பதிகிற இந்தக் கட்டையைப் பின்னாலிருந்து பார்த்தால் தெரியும், ஒரு நூல் வலப்பக்கம் விலகியிருக்கும். கோணல் இல்லை. அப்படித்தான் செய்வார்கள். வலது தோளில் வைத்துக் கன்னத்தைச் சாய்த்தால் வலது கண் நேராகக் குழாய்மேல் வந்து நிற்கும். வெள்ளிக்கிழமை தவறாமல் எண்ணெய் போடுகிறேன். வாங்கிய நாளிலிருந்து ஒரு ராத்திரிகூட இது வெளியே படுத்ததில்லை. இன்றைக்குத்தான்.

இன்றைக்கும் இல்லாமல் போகலாம். விளையாட்டுக்காரர்களுக்கு விலக்கு உண்டு, தெரியும்தானே? போன தேர்தலுக்கு எனக்கு விலக்குக் கொடுத்தார்கள், என் மகள் பெயர் கிளப் பட்டியலில் இருந்தது. இப்போது இல்லை. இன்ஸ்பெக்டர் நல்ல மாதிரி. "உங்க பொண்ணு இந்தத் துப்பாக்கியிலதான் பழகுதுன்னு அதுகிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க, நான் மேலே அனுப்பறேன்" என்றார். ஒரு கடிதம். நாலு வரி. மகள் வடக்கே ஒரு பயிற்சி அகாதெமியில் இருக்கிறாள். பத்து நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவளிடம் இல்லை, அவள் அம்மாவிடம். கலாமணி அங்கேதான் இருக்கிறாள், மகளுக்குச் சமைத்துப் போட. மூன்று மாதத்தில் வருகிறேன் என்று போனாள். இரண்டு வருடமாகிறது. வடக்கத்திச் சாப்பாடு பெண்ணுக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம்.

இன்றைக்குள் அனுப்பிவிடுவாள் என்று காலையில் சொன்னாள். அதனால்தான் போனைக் கையிலேயே வைத்திருக்கிறேன்.

சும்மா உட்கார்ந்திருப்பதற்குச் சொல்கிறேன், கேளுங்கள். நீங்களும் துப்பாக்கி பிடித்தவர், உங்களுக்குப் புரியும். மற்றவர்களிடம் சொன்னால் கையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். இது கண் சம்பந்தப்பட்ட விஷயம்.

பவதாரணி என்று பெயர். ஒரே மகள். பதினைந்து வயதில் கிளப்பில் சேர்த்தேன். தட்டுச் சுடும் போட்டி பார்த்திருக்கிறீர்களா? பள்ளத்திலிருந்து ஒரு மெஷின் களிமண் தட்டை எறியும். இடப்பக்கம் போகும், வலப்பக்கம் போகும், நேராகப் போகும், எது என்று முன்னால் தெரியாது. துப்பாக்கியைத் தோளில் வைத்துக்கொண்டு "புல்!" என்று கத்த வேண்டும், இங்கிலீஷில் இழு என்று அர்த்தம். கத்தினால் தட்டு வரும். ஒரு கண் சிமிட்டும் நேரம்தான். அதற்குள் சுட்டுவிட வேண்டும். ஒரு சுற்றுக்கு இருபத்தைந்து தட்டு.

முதல் வருடமே இவள் பதினைந்து, பதினாறு உடைத்தாள். கிளப்பில் வாயைப் பிளந்தார்கள். ஆனால் ஒரு சங்கடம். இடப்பக்கம் போகிற தட்டெல்லாம் தூள். வலப்பக்கம் போனால் தவறிவிடும். நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். "வலப்பக்கம் ஏம்மிணி பயம்?" என்று கேட்டேன். "பயமில்லைங்கப்பா. தட்டு நல்லாத் தெரியுது. அது மேலதான் வெச்சுச் சுடறேன். ஆனா அங்க இல்லை" என்றாள். அங்கே இல்லையாம். தட்டு வேறு எங்கே போகும்?

கோச் பெனடிக்ட் என்று ஒருவர். பட்டாளத்தில் இருந்து வந்தவர். ஒருநாள் அவளைக் கூப்பிட்டு, இரண்டு கையையும் முன்னால் நீட்டி, விரல்களைச் சேர்த்து நடுவில் ஒரு சின்ன ஓட்டை வைக்கச் சொன்னார். "அந்த ஓட்டை வழியா கொடிக்கம்பத்தைப் பாரும்மா. ரெண்டு கண்ணையும் தொறந்து வெச்சுக்கோ. தெரியுதா? இப்ப வலது கண்ணை மூடு." மூடினாள். கம்பம் தெரிந்தது. "இப்ப அதைத் தொற, இடதை மூடு." கம்பம் காணோம் என்றாள்.

என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சார், கைல ஒரு பக்கம் மேலோங்கி இருக்கற மாதிரி கண்ணுலயும் உண்டு. பாப்பாவுக்கு இடது கண்ணுதான் எஜமான். நீங்க துப்பாக்கியை வலது தோள்ல வெச்சிருக்கீங்க. துப்பாக்கி ஒரு கண்ணுக்கு முன்னால இருக்கு, குறி பாக்கறது இன்னொரு கண்ணு. அதனால ஒவ்வொரு குண்டும் இடப்பக்கம் ஒரு முழம் தள்ளிப் போகுது. இடப்பக்கம் போற தட்டு தானா வந்து அதுல விழுது. வலப்பக்கம் போறது தப்பிச்சிருது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மாஸ்டர், எங்க ஊர்ல கையில சோத்தாங்கை, பீச்சாங்கை உண்டு. கண்ணுலயுமா பீச்சாங்கண்ணு?" என்றேன். சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். பவாவும் சிரித்தாள். அதிலிருந்து கிளப்பில் அவளுக்கு அதுவே பெயராகிவிட்டது. நான் வைத்த பெயர்தான். விளையாட்டாக.

நீங்கள் வேண்டுமானால் செய்து பாருங்கள், அந்த ஓட்டை. ஜன்னல் வழியாக அந்த ஜீப்பைப் பாருங்கள். நான் செய்ததில்லை. எனக்கு எதற்கு? என் கண்ணில் ஒன்றும் இல்லை.

பெனடிக்ட் என்ன சொன்னார் தெரியுமா? துப்பாக்கியை இடது தோளுக்கு மாற்ற வேண்டுமாம். இடது கையால் விசையை இழுக்க வேண்டுமாம். "பதினாறு வயசுதானே சார், ஒரு வருஷம் பின்னாடி போவா, அப்புறம் அவளை யாரும் பிடிக்க முடியாது" என்றார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார். "சின்ன வயசுல பாப்பா எந்தக் கையில எழுதினா?"

சோத்தாங்கையில்தான் என்றேன். பொய் இல்லை. எழுத ஆரம்பித்தபோது சோத்தாங்கையில்தான் எழுதினாள்.

அதற்கு முன்னால், மூன்று வயதில், எல்லாவற்றையும் அந்த இன்னொரு கையால்தான் எடுப்பாள். சோறு, பொம்மை, விபூதி எல்லாம். பங்காளி வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் பீச்சாங்கையைச் சாம்பாரில் விட்டாள். எதிர் வரிசையில் என் அத்தை இலையை மூடிவிட்டு எழுந்து போனாள். நாளைக்கு இவள் போகிற வீட்டில் என்ன சொல்வார்கள்? நீங்களே சொல்லுங்கள். நான் அடிக்கவில்லை. ஒரு அடிகூட அடித்ததில்லை, கேட்டுப் பாருங்கள். சாப்பிடும்போது துண்டால் அந்தக் கையை இடுப்போடு சேர்த்துக் கட்டி வைத்தேன், அவ்வளவுதான். வேப்பெண்ணெய் தடவினேன், வாயில் வைக்கக் கூடாது என்று. இரண்டே மாதம். சரியாகிவிட்டது. அப்போது கொஞ்சநாள் திக்கித் திக்கிப் பேசினாள். அது வேறு. கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டினோம், நின்றுவிட்டது. கையெழுத்துக்கு ஒவ்வொரு வருடமும் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கினாள். முத்து முத்தாக, வலப்பக்கம் அழகாகச் சாய்ந்து. பக்கத்தில் உட்கார்ந்து நான் சொல்லிக்கொடுத்த எழுத்து. இதையெல்லாம் பெனடிக்டிடம் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. கை சரியாகிவிட்டது. இது கண்.

வேறு வழி இல்லையா என்று கேட்டேன். உண்டு என்றார், மனசில்லாமல். கண்ணாடி போட்டுக்கொண்டுதான் சுடுவார்கள். இடது கண்ணாடியில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டால் அந்தக் கண் குழாயின் முனையைப் பார்க்காது, வலது கண் வேலை செய்யும். "சிலபேருக்கு ஒத்துக்கும் சார். இவளுக்கு ஒத்துக்காது. இவளுக்கு அந்தக் கண்ணு ரொம்ப பலம்." அதை எப்படி ஒத்துக்கொள்ளாமல் போகும்? கடையில் பால் நிற டேப் வாங்கி வந்து நானே வெட்டி ஒட்டினேன். நகத்தளவுதான் இருக்கும்.

கலாமணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அன்னைக்குக் கை. இன்னைக்குக் கண்ணு. இனி என்னத்தைக் கட்டறதுங்க?" என்றாள். அந்தக் கதையையும் இதையும் எதற்கு முடிச்சுப் போட வேண்டும்? அவளுக்கு எப்போதும் அப்படித்தான்.

டேப் ஒட்டியதும் பதினெட்டு வந்தது. பத்தொன்பது வந்தது. பார்த்தீர்களா? அப்புறம் பதினாலு. தலை வலிக்கிறது என்றாள். தட்டு பக்கத்தில் இருக்கிறதா தூரத்தில் இருக்கிறதா என்று தெரியவில்லை என்றாள். பழகினால் சரியாகும் என்றேன். கையும் அப்படித்தானே பழகியது.

மாநிலத் தேர்வு வைகாசியில். அதில் தேறினால் தேசிய முகாம். மாசியிலிருந்தே நான் கூடவே நின்று பழக்கினேன். செவ்வாய்க்கிழமை மட்டும் தேங்காய் ஏலத்துக்குப் போக வேண்டியிருக்கும். அன்றைக்குப் பெனடிக்டோடு விட்டுவிட்டுப் போவேன். நம்பித்தான் விட்டேன்.

ஒரு புதன்கிழமை காலை. உள்ரூமில் கலாமணி வெந்நீரில் துணி முக்கி மகள் தோளில் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். துப்பாக்கி உதைக்கத்தானே செய்யும், நமக்குத் தெரியாதா? நான் பாட்டுக்குத் தாண்டிப் போனேன். வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன்.

இடது தோள். கத்தரிக்காய் நிறத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றியிருந்தது. பழைய காயத்தின் மேல் புதுக் காயம்.

"அந்தத் தோள்ல எப்படிம்மிணி?"

வெந்நீர்த் துணி சொட்டிக்கொண்டிருந்தது. எத்தனை செவ்வாய்க்கிழமை என்று கேட்டேன். ஒன்பது என்று கலாமணி சொன்னாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது, பாருங்கள். என் வீட்டில், என் துப்பாக்கியில், எனக்கு மட்டும் தெரியவில்லை.

நேராகக் கிளப்புக்குப் போனேன். எல்லார் முன்னாலும் கேட்டேன். பெனடிக்ட் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். "போன வாரம் இடது தோள்ல இருபத்தொண்ணு சார். இத்தனைக்கும் அந்தக் கட்டை வலது தோளுக்குச் செஞ்சது. பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சுடறா. நீங்க வந்து ஒரு தடவை பாருங்க." நான் அந்த நோட்டைத் திறக்கவில்லை. "என் பொண்ணு பீச்சாங்கைக்காரி இல்லை" என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றோடு அவரிடம் அனுப்புவதை நிறுத்தினேன்.

என்ன, ஒன்பதைக் கூப்பிட்டுவிட்டாரா? இன்னும் ஒரு ஆள்தான். போனில் ஒன்றும் வரவில்லை. பாருங்கள், சத்தம் வைத்துத்தான் இருக்கிறேன்.

தேர்வு நாளைச் சொல்லி முடித்துவிடுகிறேன். கடைசிச் சுற்று. பத்தொன்பது உடைத்தால் தேறிவிடுவாள் என்று எல்லாரும் கணக்குப் போட்டுவிட்டார்கள். வலது தோள், டேப் ஒட்டின கண்ணாடி. முதல் பதினைந்தில் ஒன்பது உடைந்தது, ஆறு தவறிவிட்டது. இனி மிச்சம் பத்து. பத்தும் உடைய வேண்டும்.

பதினாறாவது தட்டுக்கு முன்னால் கண்ணாடியைக் கழற்றினாள். நகத்தால் டேப்பை உரித்து விரலில் சுருட்டிக் கீழே போட்டாள். கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டாள். துப்பாக்கியை எடுத்து இடது தோளில் வைத்தாள். கூட்டத்தில் யாரோ "ஐயோ" என்றார்கள். "புல்!" வலப்பக்கம் போனது. தூள். அடுத்தது, தூள். பதினெட்டு. பத்தொன்பது. பெனடிக்ட் அந்தக் கோடியில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த ஆளைப் பார்த்ததும் எனக்கு என்னவோ போலாகிவிட்டது.

நான் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. இருபதாவது தட்டுக்கு அவள் துப்பாக்கியைத் தூக்கி வாயைத் திறக்கும்போது, "அம்மிணி, சோத்தாங்கை!" என்றேன். அவ்வளவுதான். சின்ன வயதில் சாப்பாட்டு வேளையில் தினமும் சொன்ன வார்த்தை. திட்டுவது இல்லை, ஞாபகப்படுத்துவது. அவளும் "புல்" என்று சொல்லிவிட்டாள். தட்டு வந்தது. அவள் சுடக்கூட இல்லை. நேராகப் போய்ப் புல்லில் விழுந்தது, முழுசாக.

நடுவர் திரும்பி என்னைப் பார்த்தார். அப்புறம் அவளிடம், "சத்தம் கேட்டுத்தான் விட்டியா? தொந்தரவுன்னு சொல்லும்மா, இன்னொரு தட்டு குடுக்கறேன்" என்றார். விதியில் அப்படி உண்டாம். யார் சத்தம் போட்டார்கள் என்று அவள் சொன்னால் போதும். என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் நடுவரிடம், "இல்லைங்க சார். யாரும் கூப்பிடலை" என்றாள்.

கேட்டிருந்தால் கிடைத்திருக்கும்! சும்மா கொடுக்கிறேன் என்கிறார்கள், வேண்டாம் என்கிறாள். பிடிவாதம். யாரைக் கொண்டு பிறந்திருக்கிறாளோ.

மீதி ஐந்தும் உடைத்தாள். பதினெட்டு. ஒரே ஒரு தட்டில் போயிற்று. காற்று கொஞ்சம் இருந்தது அன்றைக்கு. நடுவில் தோள் மாற்றினால் கவனம் சிதறத்தானே செய்யும்? அதை நான் அப்போதே சொன்னேன்.

சுட்டு முடித்ததும் நேராக என்னிடம் வந்தாள். துப்பாக்கியை மடித்து, தோட்டா இல்லை என்று காட்டி, நீட்டினாள். இடது கையால். வேண்டுமென்றேதான், தெரியாமலா? நான் கையை நீட்டவில்லை. "ஒழுங்கான கையில குடு" என்றேன். அப்படியே நின்றாள். நானும் நின்றேன். மூன்றரை கிலோ கனம், ஒரே கையில். இறக்கவில்லை. அப்புறம் பக்கத்தில் இருந்த பெஞ்சில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

நான்தான் எடுத்து வந்தேன். அப்புறம் படிப்பு என்று போனாள், வேலை என்று போனாள். இப்போது வடக்கே என்னவோ மெடல் எல்லாம் வாங்குகிறாளாம். பேப்பரில் படம் வந்திருந்தது. எந்தத் தோள் என்று தெரியாத மாதிரி எடுத்திருந்தார்கள்.

வந்துவிட்டது! பாருங்கள், போன். சொன்னேன் அல்லவா, அனுப்பிவிடுவாள் என்று? எவ்வளவு இருந்தாலும் பெற்ற தகப்பன். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். நீங்கள் கொஞ்சம் படியுங்கள். கடிதத்தைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறாள். சத்தமாகப் படியுங்கள், பரவாயில்லை, ரைட்டரும் கேட்கட்டும்.

என்ன நிறுத்திவிட்டீர்கள்? படியுங்கள்.

"இந்தத் துப்பாக்கி வலது தோளுக்காகச் செய்யப்பட்டது." ஆமாம், சரிதான். "நான் இடது தோளில் சுடுபவள்." ம். "எனவே இது எனக்குப் பயன்படாது. இதை நான் பழகுவதற்காக வைத்திருக்கத் தேவையில்லை என்று தெரிவித்துக்கொள்கிறேன்." அவ்வளவுதானா? கீழே ஏதாவது இருக்கிறதா பாருங்கள். அப்பாவுக்கு என்று ஏதாவது. கையெழுத்து மட்டும்தானா?

கொடுங்கள், நான் பார்க்கிறேன். பெரிதாக்கினால் எனக்கே தெரியும்.

இது அவள் எழுத்து இல்லை. அவள் எழுத்து எனக்குத் தெரியாதா? வலப்பக்கம் சாயும். இது பாருங்கள், கோழி கிளறின மாதிரி, எல்லாம் இடப்பக்கம் விழுந்து கிடக்கிறது. மை வேறு கையில் பட்டு இழுத்திருக்கிறது. ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை எழுதின மாதிரி. பெயர் மட்டும் அவள் பெயர். வேறு யாரோ எழுதியிருக்கிறார்கள். இல்லையா? உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

பதினொண்ணா? வந்துட்டேனுங்க.

ராக்கியப்பன். அப்பா பேரு நாச்சிமுத்து. ஆமாங்க, ஒண்ணுதான். தோட்டா எதுவும் இல்லைங்க. விலக்கு லெட்டரா? இல்லைங்க. வரலைங்க. நீங்க எழுதிக்குங்க. பாத்து வையுங்க, கட்டையைக் கீழ போட்டுராதீங்க, எண்ணெய் இருக்கு, வழுக்கும். அது கோணல் இல்லைங்க, அப்படித்தான் செஞ்சிருக்கு. கையெழுத்து எங்க, இங்கயா?

ரசீது குடுங்க. என்னங்க இது? அந்தக் கையில பேனா இருந்தா என்ன, வெச்சிட்டுக் குடுங்க. ஒழுங்கான கையில குடுங்க. எனக்கொண்ணும் அவசரமில்லைங்க, நிக்கறேன்.

மேசைமேல வெச்சுட்டுப் பன்னெண்டைக் கூப்பிடறார், பாத்தீங்களா? ஏனுங்க, பதினாறு நம்பர்காரரே, ஃபேன் காத்துல பறக்குது, அந்த ரசீதைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க.

அந்தக் கை இல்லைங்க.